மட்காட்டில் தேய்ந்த இடம்: பழைய பெர்குசனைத் திருத்துவது பற்றி

வாசகர் கேள்வி, 2023 மார்ச் 4

ஐயா, நீங்கள் கொழும்பில் நீண்ட காலம் கமரா திருத்துநராக இருந்து ஓய்வு பெற்றபின் பழைய உழவு இயந்திரங்களைத் திருத்துகிறீர்கள் என்று அறிந்தேன். என் அம்மப்பாவின் சாம்பல் நிறப் பெர்குசன் ஒன்று வவுனிக்குளத்தில் கொட்டிலுக்குள் இருபது வருடமாக நிற்கிறது. அதைக் கழற்றித் திருத்தி, புதிதுபோலப் பூசி, முற்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது என் விருப்பம். நுண்ணிய வேலை பழகிய கை இந்தக் கனத்த இரும்புக்கு ஒத்துவருகிறதா? எனக்கு எந்த வேலையும் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?

2023 மார்ச் 5

முதல் நாள் சாவியைத் தொடாதீர்கள். ஒரு கதிரையைக் கொண்டுபோய் இயந்திரத்தின் முன்னால் போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். எந்த நட்டின் மூலைகள் தேய்ந்திருக்கின்றன, எந்த இடத்தில் எண்ணெய் வழிந்து மண்ணோடு இறுகியிருக்கிறது, எந்தப் பகுதியை முன்பு யாரோ கழற்றி வேறு போல்ட் போட்டு மூடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் 1979 முதல் 2015 வரை புறக்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் கமரா திருத்தினேன். அங்கே எனக்கு வேலை பழக்கியவர் முதல் மூன்று மாதம் என் கையில் ஸ்குரூ டிரைவரைத் தரவேயில்லை. ஏற்கெனவே ஒருவர் திறந்து பார்த்த கமராவையும் யாரும் திறக்காத கமராவையும் ஸ்குரூத் தலைகளைப் பார்த்தே பிரித்துச் சொல்லப் பழகிய பிறகுதான் தந்தார்.

கை ஒத்துவருமா என்ற கேள்விக்கு என் பதில்: கண் ஒத்துவரும், கையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜப்பானியக் கமராவின் சிலுவைப் பள்ளமுள்ள ஸ்குரூவுக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவரைப் பிடித்தால் அது வழுகித் தலையைத் தின்றுவிடும்; அவற்றுக்கென்று வேறு முனை வேண்டும். பெர்குசனிலும் அதே கதைதான். அதன் நட்டுகள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. 11/16 அங்குல நட்டுக்கு 17 மில்லிமீற்றர்ச் சாவி நுழையாது, 18 மில்லிமீற்றர்ச் சாவி தளரும். நம் ஊரில் கிடக்கும் பழைய இயந்திரங்களில் பாதி நட்டுகள் உருண்டு போயிருப்பதற்கு அந்த 18 மில்லிமீற்றர்ச் சாவியே காரணம். ஆகவே முதற்செலவு ஒரு தொகுதி அங்குலச் சாவி. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய, நல்ல உருக்கில் செய்த சாவிகள் இன்னும் கிடைக்கின்றன. புதியவற்றை விட அவற்றையே நான் விரும்புகிறேன்.

என்னுடையது முருங்கனில் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் உழுத இயந்திரம். என் மச்சானின் குடும்பத்துக்குச் சொந்தமானது. 2021 இல் லொறியில் ஏற்றி வத்தளையில் ஒரு கராஜின் பின்புறத்துக்குக் கொண்டுவந்தோம். பெர்குசன் ரீ.ஈ.20 வரிசை, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் பனர் லேன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. என்னிடம் இருப்பது ரீ.ஈ.ஏ.20, அதாவது பெற்றோலில் ஓடும் வகை. உங்களுடையது எந்த வகை என்று அறிய, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் தகட்டைத் துணியால் மட்டும் துடைத்துப் பாருங்கள். உப்புத்தாள் வேண்டாம், எழுத்து போய்விடும்.

2023 மார்ச் 7

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஸ்டார்டர் பொத்தானைத் தேடி டாஷ்போர்டைக் கழற்றிவிடாதீர்கள். இந்த இயந்திரத்தில் ஸ்டார்டர் கியர்த் தடியிலேயே இருக்கிறது. தடியை எஸ் என்ற நிலைக்குத் தள்ளினால் மோட்டர் சுழலும். கியரில் விழுந்த நிலையில் யாரும் அதை உயிர்ப்பிக்க முடியாது என்பதே அந்த அமைப்பின் கருத்து. பிலிமை நகர்த்தாமல் ஷட்டரை அழுத்த முடியாதபடி கமராவுக்குள் வைத்திருக்கும் பூட்டும் இதே சிந்தனைதான்.

2023 மார்ச் 19

இயந்திரம் இறுகிப் போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் கியர் எண்ணெயும் சம அளவில் கலந்து ஊற்றி, மூன்று கிழமை விட்டேன். ஒவ்வொரு நாள் காலையும் முன்புறக் கைப்பிடியை மாட்டி, மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். இருபத்திரண்டாம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், அவர் முருங்கனுக்குத் தொலைபேசி எடுத்து மச்சானிடம் சொன்னார்.

காய்ந்த கிறீஸால் இறுகிய லென்ஸ் வளையத்தை வலுவாகத் திருப்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் கொண்டுவந்து தருவது இரண்டு துண்டு லென்ஸ். ஒரு துளி கரைப்பானும் ஒரு இரவும் செய்யும் வேலையைப் பலம் செய்யாது. கராஜில் இருக்கும் வெல்டிங் பாஸ் நான்காம் நாளே இரண்டு அடிக் குழாயைக் கைப்பிடியில் மாட்டித் திருப்பிவிடலாம் என்றார். அவர் எனக்குப் பல விடயங்களைக் கற்றுத் தந்தவர்; இதில் மட்டும் நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை.

கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வையுங்கள். இயந்திரம் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும்.

2023 ஏப்ரல் 2

மார்ச் 5 ஆம் திகதி எழுதியதில் ஒரு பிழை. என்னுடையது ரீ.ஈ.ஏ. அல்ல, ரீ.ஈ.டி.20. தகட்டின் கடைசி எழுத்து பாதி அரித்திருந்தது. நான் அதை ஏ என்று வாசித்துவிட்டேன். நேற்று எரிபொருள் தாங்கியைக் கழற்றியபோது அதற்குள் ஒரு தடுப்பும், அந்தத் தடுப்புக்கு அப்பால் ஒரு சிறிய அறையும் இருந்தன. பெரிய அறை மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு, சிறிய அறை பெற்றோலுக்கு. பெற்றோலில் உயிர்ப்பித்து, இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு குழாய்த் திருகியைத் திருப்பி மற்ற எரிபொருளுக்கு மாற்ற வேண்டும். அந்த எரிபொருளை ஆவியாக்குவதற்காக மனிஃபோல்ட் என்னும் குழாய்த் தொகுதியைச் சுற்றி வெப்பத்தைத் தேக்கும் தகடும் இருக்கிறது; அதை நான் யாரோ பின்னால் சேர்த்த தகடு என்று நினைத்துக் குப்பைப் பக்கம் வைத்திருந்தேன்.

இந்த வகை 1949 இல் வந்தது. சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்தேன்: 85 மில்லிமீற்றர். இதற்குள் இருக்கும் ஸ்டான்டர்ட் கம்பனியின் எஞ்சின் தொடக்கத்தில் 80 மில்லிமீற்றர் விட்டமும் 1,850 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் கொண்டிருந்தது. பிறகுதான் 85 மில்லிமீற்றராகி 2,088 ஆனது. ஆகவே இது ஐம்பதுகளில் வந்த இயந்திரம். மச்சானின் தகப்பனார் சுதந்திரம் கிடைத்த வருடம் வாங்கியதாகக் குடும்பத்தில் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையை நான் இன்னும் அவர்களிடம் திருத்தவில்லை.

2023 ஏப்ரல் 23

பூச்சைப் பற்றி மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். முழுவதும் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, அதன்மேல் பழைய சாம்பல் நிறத்தைப் பூசுங்கள் என்பதே என் கருத்து. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி நிற்பதே அதற்கு மரியாதை. நானும் ஜூலையில் அதைத்தான் செய்யப்போகிறேன். பூச்சுக்கு வேண்டியவற்றை வாங்கி வைத்துவிட்டேன்.

2023 மே 14

இன்று எழுதுவதை நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் இது என் தவறு, நீங்களும் செய்யக்கூடியது.

பெர்குசனின் உயிர் அதன் ஹைட்ரோலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் அமைப்பில் இருக்கிறது. ஹரி பெர்குசன் செய்த பெரிய காரியம் கலப்பையை இழுக்கும் வண்டி ஒன்றைச் செய்ததல்ல, கலப்பையையும் வண்டியையும் மூன்று புள்ளிகளில் இணைத்து ஒரே உடம்பாக்கியது. கலப்பை இறுகிய மண்ணில் முட்டும்போது மேல் இணைப்புத் தடி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அது ஒரு கனத்த சுருளை அழுத்துகிறது. சுருள் ஒரு நெம்பை நகர்த்துகிறது. நெம்பு, பம்புக்குள் இருக்கும் வால்வை மயிரிழை நகர்த்துகிறது. கலப்பை சற்று உயர்ந்து, அதன் பாரம் பின் சக்கரங்களின் மேல் இறங்குகிறது. சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடிக்கிறது. மண்ணின் இறுக்கத்தை இயந்திரம் தானே உணர்ந்து தானே திருத்திக்கொள்கிறது. இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கமராவுக்குள் ஒளியை உணர்ந்து ஊசியை நகர்த்தும் நெம்புகளோடு முப்பத்தாறு வருடம் வாழ்ந்தவனுக்கு, அதே மொழியை ஒரு தொன் இரும்பு பேசுவது எவ்வளவு சந்தோஷம் என்பதை எப்படிச் சொல்வது?

அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு செய்தேன். பம்பு பின்புற உடலுக்குள், கியர் எண்ணெயில் மூழ்கியபடி இருக்கிறது. நான்கு பிஸ்டன்கள் கொண்டது. அதைக் கழற்றியபோது வால்வுத் தண்டு அதன் துளைக்குள் சற்றுத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. எண்ணெய்க்குள் தண்ணீர் இறங்கிப் பால்போல் ஆகியிருந்ததால் படிந்த மெல்லிய கறை அது. பெற்றோலில் கழுவி, மென்மையான துணியால் துடைத்து விட்டிருந்தால் போதும். நானோ லென்ஸ் வளையத்தின் மரைகளை ஒன்றோடொன்று தேய்த்து வழவழப்பாக்கும் நுண்பொடியை எடுத்து, இரண்டு மாலைகள் உட்கார்ந்து, அந்தத் தண்டை அதன் துளைக்குள்ளேயே தேய்த்தேன். தேய்த்து முடிந்தபோது அது பட்டுப்போல் நகர்ந்தது; தலைகீழாகப் பிடித்தால் தன் பாரத்திலேயே இறங்கியது. எனக்கு மிகுந்த பெருமை.

பூட்டி முடித்து, பின்புறத்தில் இரண்டு சிமெந்துக் கல்லைக் கட்டித் தூக்கினேன். கலப்பையைத் தூக்கும் பின்புற இரும்புக் கைகள் உயர்ந்தன. க்ளச்சை அழுத்தினேன், பம்பு நின்றது, கைகள் அந்தக் கணமே கீழே சரியத் தொடங்கின. நிற்க வேண்டிய எண்ணெய், நான் உண்டாக்கிய இடைவெளி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸ் வளையத்தில் அந்த இடைவெளியைக் கனமான கிறீஸ் நிரப்பிவிடும். இங்கே நிரப்ப எதுவுமில்லை. அந்த இறுக்கம்தான் அடைப்பு.

மாற்றுப் பம்பு ஒன்றை அநுராதபுரத்தில் உடைத்து விற்ற ஒரு பெர்குசனிலிருந்து எடுத்தேன். வாங்கித் தந்தவர் பஞ்சிகாவத்தைக் கடைக்கார நானா. என்ன நடந்தது என்று அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “அழுக்கை எடுங்க, இரும்பை எடுக்காதீங்க” என்று மட்டும் சொன்னார்.

2023 மே 15

நேற்றையதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: பின்புறக் கைகள் உயரவே இல்லையென்றால் பம்பைக் கழற்றுவதற்கு முன் பீ.ரீ.ஓ. நெம்பை, அதாவது பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டுக்கான நெம்பைப் பாருங்கள். இந்த வரிசையில் அது போடப்பட்டிருந்தால்தான் பம்பு சுழலும். அதை அறியாமல் நல்ல பம்பைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

2023 ஜூன் 25

உயிர் வந்துவிட்டது.

காபரேட்டரில் எரிபொருள் செல்லும் சிறு துளைகளான ஜெட்டுகளை இரும்புக் கம்பியால் குத்தவில்லை. பழைய பல்துலக்கியின் ஒற்றை நாரால் மட்டும் துளைத்துக் கழுவினேன். பிளக்குகளுக்கு மின்பொறி கிடைக்கச் செய்யும் பொயின்ட்டுகளின் முகத்தை உருப்பெருக்கியால் பார்த்து, நடுவில் எழுந்திருந்த சிறு மேட்டை மட்டும் எடுத்தேன். கண்டென்ஸரை மாற்றினேன். கமராவின் பிளாஷுக்குள் இருக்கும் கண்டென்ஸர் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைப் பார்த்தவன் ஆகையால் பழையதை நம்ப மனம் வரவில்லை. முதல் நாள், சிலிண்டர்கள் பற்ற வேண்டிய 1-3-4-2 என்ற ஒழுங்கை மாற்றிப் பிளக் வயர்களைப் பூட்டிவிட்டதால் புகைக்குழாயில் வெடிச் சத்தம் மட்டும் கேட்டது. சரிசெய்து மறுபடியும் தடியை எஸ் பக்கம் தள்ளியதும் ஓடியது. நாற்பது நிமிடம் ஓடவிட்டோம். வெல்டிங் பாஸ் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து, பொனட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பார்த்தது இரண்டு தடவைதான். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானதை மறக்க முடியுமா? விலையை விட்டாலும் இன்னொரு காரணம் இருக்கிறது: முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைக் கடந்து இறங்கி, கீழே இருக்கும் எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். மண்ணெண்ணெயில் ஓட்டுபவர் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். எண்ணெய் அளவு குறையாமல் கூடிக்கொண்டு வந்தால் மகிழ வேண்டாம்.

2023 ஜூலை 9

ஏப்ரல் 23 ஆம் திகதி எழுதியதை நான் திரும்பப் பெறுகிறேன்.

நேற்றுப் பூச்சு வேலையைத் தொடங்க இடது பின் மட்காட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். உடைந்த ஓரம் ஒன்றை உருப்பெருக்கியால் பார்த்தபோது பூச்சுகள் பாறை அடுக்குகள்போல் தெரிந்தன: அடியில் சாம்பல், அதற்கு மேல் தூரிகையால் பூசிய சிவப்பு, அதற்கு மேல் வீட்டுக் கதவுகளுக்குப் பூசும் நீலம், பிறகு மறுபடியும் ஒரு மங்கிய சிவப்பு. சிவப்பு ஏன் என்று மச்சானிடம் கேட்டேன். மெசி பெர்குசன் 35 ஊருக்குள் வந்தபோது பக்கத்து வயற்காரர்கள் அதை வாங்கினார்களாம். தகப்பனாருக்கு வாங்க வசதியில்லை. ஆகவே பழையதைச் சிவப்பாக்கினார். இதைச் சொன்னபோது மச்சானின் குரல் மாறியது.

மட்காட்டின் மேல் வளைவில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, நான்கு நிறமும் இல்லை. வெறும் தகடு. துருவும் இல்லை, கையால் தடவினால் வெண்கலச் சட்டியின் விளிம்புபோல் வழவழவென்று இருந்தது. வன்னியில் வளர்ந்த எவருக்கும் அந்த இடம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டுபவரின் இடது பக்கத்தில் உட்கார்ந்து வயலுக்குப் போய், உட்கார்ந்தே திரும்பி வந்தவர்களின் இடம். சிறுவயதில் மச்சான் இருந்திருக்கிறார். என் மனைவியும் இருந்திருக்கிறார்.

சுரண்டும் தகட்டைக் கையில் எடுத்தவன் கீழே வைத்தேன். எனக்கு 1991 ஞாபகம் வந்தது. ஒரு பெண்மணி தன் தகப்பனாரின் கறுப்பு நிக்கோன் எஃப் கமராவைத் திருத்தத் தந்திருந்தார். ஷட்டர் திரை மட்டும்தான் பழுது. வேலை நன்றாக முடிந்த மகிழ்ச்சியில், அவர் கேட்காமலே, மேல் மூடியில் கறுப்புத் தேய்ந்து பித்தளை தெரிந்த இடங்களையெல்லாம் நான் புதிதாகப் பூசிவிட்டேன். காசும் வாங்கவில்லை. அவர் கமராவை வாங்கி, பிலிம் நகர்த்தும் நெம்பின் பக்கத்தில் பெருவிரலை வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடியும் வைத்தார். “அப்பாவின் விரல் பட்ட இடம் இங்கேதான் இருந்தது” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்தத் திரை இன்றும் சரியாக ஓடும் என்று நான் நம்புகிறேன். ஆனால் நான் எடுத்ததை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எந்தக் கருவியும் என்னிடம் இருக்கவில்லை. இவ்வளவு தெரிந்த நான் ஏப்ரலில் உங்களுக்கு முழுவதும் சுரண்டுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

2023 ஜூலை 10

அப்படியானால் துருவையும் விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. துரு இரும்பைத் தின்கிறது. அதை நினைவுச் சின்னம் என்று வைத்திருந்தால் பத்து வருடத்தில் நினைவும் இருக்காது, தகடும் இருக்காது. கொழும்பின் கடற்காற்றில் அது இன்னும் விரைவு. இந்த ஈரத்தில் கவனிக்காமல் விட்ட லென்ஸுக்குள் பூஞ்சை எவ்வளவு சீக்கிரம் வேர் விடும் என்பதை வாழ்நாள் முழுவதும் பார்த்தவன் நான். கால் வைக்கும் தட்டுகள், பொனட்டின் உட்புறம், பற்றரி இருக்கும் பெட்டி ஆகியவற்றைச் சுரண்டிப் பூசுகிறேன். பற்றரிப் பெட்டியில் அமிலம் தின்ற இடத்துக்குப் புதுத் தகடு வெட்டி ஒட்ட வேண்டும். மட்காட்டைச் சவர்க்கார நீரால் கழுவி, உலர்த்தி, காய்ச்சிய ஆளி எண்ணெயை மிக மெல்லியதாகத் துணியில் தொட்டுத் தேய்த்துக் காயவிடுகிறேன். நான்கு நிறங்களும் அப்படியே இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் தேய்க்க வேண்டும்.

2023 ஓகஸ்ட் 20

இந்தச் சிறிய இயந்திரத்தின் பலத்தைப் பற்றி உங்கள் நண்பர் சந்தேகப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எட்மண்ட் ஹிலாரியின் குழு மூன்று பெர்குசன்களை ஓட்டிக்கொண்டு 1958 ஜனவரி 4 ஆம் திகதி தென் துருவத்தை அடைந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். கடுங்குளிருக்குக் கொண்டுபோகும் கமராக்களில் கிறீஸை முழுவதும் கழுவி எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் ஷட்டர் உறைந்து நிற்கும். அந்தப் பனியில் ஓடிய இயந்திரம் கட்டுக்கரைக்குளத்துச் சேற்றுக்கு அஞ்சுமா?

2023 செப்டெம்பர் 17

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தகட்டில் ரீ.ஈ.ஏ. என்று தெளிவாகவே இருக்கிறது. ஆகவே நான் தாங்கியைப் பற்றி எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. பின் அச்சின் வலது பக்கத்தில் எண்ணெய் ஒழுகிய தடம் தெரிகிறது. அந்த அடைப்பானை மாற்றாமல் பிரேக்கை நம்பி ஓட்ட வேண்டாம். எண்ணெய் பிரேக் பட்டிக்குள் இறங்கியிருக்கும். அளவை எழுதி அனுப்புங்கள், சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன், நானாவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஆறாவது படத்தில், ஸ்டியரிங் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றி, அதன் மேல் மீன்பிடி நூலால் நெருக்கமாக வரிந்து கட்டியிருக்கிறது. முடிச்சு மிக நேர்த்தியானது. கட்டியவர் பொறுமையான மனிதராக இருந்திருக்க வேண்டும். அதை அவிழ்க்கும் முன் உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.